நுரை நின்ற மத்தியானம்

அக்கா காலிங்பெல்லை அழுத்தினாள். சத்தமே இல்லை. கதவைத் தட்டக் கை ஓங்கியபோது தம்பி திறந்தான். இடுப்பில் மனைவியின் ஏப்ரன், அக்குளில் கிண்ணம், உதட்டில் விரல்.

"பெல்லுக்கு என்ன ஆச்சு?"

"வயரைக் கழட்டி வச்சிருக்கேன். மெதுவா பேசுக்கா. அவ தூங்குறா."

"பட்டப்பகல்லயா?"

"நைட் ட்யூட்டி."

அவன் மனைவிக்கு ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் வேலை. இரவு முழுக்க போன் அடிக்கும், அவள் எடுப்பாள். அதனால் பகலில் அந்த வீடு மூச்சு விடுவதற்குக்கூட யோசித்தது. நாற்காலிக் கால்களுக்குப் பழைய சாக்ஸ். சொட்டும் குழாயின் அடியில் துண்டு. திரை வழியே வந்த வெயில்கூடத் தேன் மாதிரி மெல்ல வழிந்தது.

"என்னடா பண்றே?"

"லெமன் பை. எலுமிச்சை கேக் மாதிரி. மேலே மெரிங்."

மெரிங் என்பது வேறொன்றுமில்லை. முட்டையின் வெள்ளைக்கருவைச் சர்க்கரை சேர்த்து அடித்து அடித்து மேகமாக்குவது. பெயர் எங்கே பிறந்தது என்பதில் அகராதிகளுக்குள் இன்னும் தகராறு. மஞ்சள் கரு ஒரு பொட்டுக் கலந்தாலும் மேகம் எழாது என்பதில் தகராறே இல்லை.

"அவ ஒரு நாள் பேக்கரிக் கண்ணாடிக்குள்ள இதைப் பார்த்துட்டு, 'மேகத்தைத் தட்டுல வச்சிருக்காங்க'ன்னு சொன்னா. ஏற்கெனவே சொதப்பியிருக்கேன். இன்னிக்கு நுரை நின்னுடணும். எழுந்ததும் காட்டணும்."

அக்காவின் கண் அலமாரிக்குப் போனது.

"நான் கொடுத்த முட்டை அடிக்கிற மெஷின் பெட்டியைக்கூடப் பிரிக்கல. அவ்வளவுதான் மரியாதை, இல்லே?"

"அது ஹெலிகாப்டர் மாதிரி கத்தும்க்கா."

"மகாராணி தூங்கணும், நீ கையால அடிச்சு தோள்பட்டை கழண்டு போகணும். ஃபேக்டரி மூடினா வேற வேலை தேடுவாங்க. நீ முட்டை அடிச்சிட்டிருக்கே."

"தேடிட்டுதான் இருக்கேன்."

"அம்மா இதைப் பார்த்தா..."

"அவங்களும் மெதுவாதான் பேசணும்."

கம்பிக் கரண்டி சுழன்றது. கிண்ணத்துக்குள் யாரோ பட்டுப் புடவையோடு நடப்பது போல ஒரு ஓசை. நுரை வெளுத்தது, பருத்தது, பளபளத்தது. அக்காவுக்கே கொட்டாவி வந்தது. கோபத்தின் நடுவே கொட்டாவி வருவது கௌரவக் குறைச்சல், வாயை மூடிக்கொண்டாள்.

திடீரென்று தம்பி கிண்ணத்தைத் தன் தலைக்கு மேலே தூக்கிக் கவிழ்த்தான்.

அக்கா மூச்சைப் பிடித்தாள்.

விழவில்லை. மேகம் அப்படியே நின்றது.

அவன் முகத்தில் பல மாதங்களாகக் காணாமல் போயிருந்த சிரிப்பு. நுரையை எலுமிச்சைக் கலவை மேல் குவித்து ஓவனுக்குள் வைத்தான். டைமரை முடுக்கவில்லை, அது மணி அடிக்கும். கண்ணாடிக்கு எதிரே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, மேகத்தின் நுனிகள் சிவப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அக்காவால் தாங்க முடியவில்லை. இன்று இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று நேரே படுக்கையறைக்குப் போனாள். கதவைத் திறந்தாள்.

தம்பி மனைவி மல்லாந்து படுத்திருந்தாள். கண்கள் முழுசாகத் திறந்திருந்தன.

"நுரை நின்னுடுச்சா, அண்ணி?" என்று கிசுகிசுத்தாள்.

"நீ தூங்கலையா?"

"பதினொரு மணிக்கே முழிச்சுட்டேன். அதுக்கு மேல எனக்கு எப்பவும் தூக்கம் வராது."

"அப்புறம் எதுக்கு இந்தக் கூத்து? எழுந்து வர்றதுக்கென்ன?"

அவள் கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள்.

"ஃபேக்டரி மூடினதிலேர்ந்து, என் தூக்கத்துக்குக் காவல் இருக்கிறதுதான் அவரோட வேலை, அண்ணி. அதிலேர்ந்தும் அவரை நிறுத்திடச் சொல்றீங்களா?"

அக்கா காலடியில் கிடந்த போர்வையை இழுத்து அவள் கழுத்துவரை போர்த்திவிட்டு வெளியே வந்தாள்.

தம்பி பதறிப்போய் எதிரே நின்றான். "எழுப்பிட்டியா?"

கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள் அக்கா.

"அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குறாடா. நீதான் கத்தாதே."