கம்பளி மரியாதை

"இந்த வருஷம் நம்ம ஓட்டம் நடக்குதுன்னா அதுக்கு ஒரே காரணம் இவர்தான். தன்னோட மேய்ச்சல் நிலத்தையே நமக்காகத் திறந்து விட்டிருக்கார். பெரிய மனசு!"

ஓட்டத்தை நடத்தும் லேலண்ட் மைக்கில் சொல்லி முடித்ததும் கிளைடு சிரித்தபடி மேடையேறினான். அவன் தோளில் புதுக் கம்பளி ஒன்றைப் போர்த்தினான் லேலண்ட். அமெரிக்கப் பழங்குடிகளான நவஹோக்களின் மண்ணில் ஒரு மனிதனுக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது.

கூட்டத்தில் பாதிப் பேர்தான் கை தட்டினார்கள்.

வெர்னா தரையில் துப்பினாள்.

மூன்று குளிர்காலத்துக்கு முன்னால் அவள் மகள் ஷானெல் காணாமல் போனாள். கடைசியாக ஏறியது கிளைடின் வண்டியில். 'ஹைவேயில இறக்கி விட்டேன், அப்புறம் எனக்குத் தெரியாது' என்று சொன்னதோடு சரி. இந்தப் போலீஸைக் கேட்டால் அந்தப் போலீஸைக் கை காட்டினார்கள். அந்தப் போலீஸ் ஆதாரம் கேட்டது. அதற்குள் கிளைடு தன் நிலத்தைச் சுற்றி வேலி போட்டான், நாய்களைக் கட்டினான்.

லேலண்ட் மேடையை விட்டு இறங்கினான். குலமுறையில் அவன் வெர்னாவுக்குத் தம்பி.

"வெக்கமா இல்லையாடா உனக்கு?"

"சத்தம் போடாதேக்கா. அவன் பார்க்கிறான்."

"நல்லாப் பார்க்கட்டும். அதுக்குத்தானே வந்திருக்கேன்."

அவள் நெஞ்சில், ஓட்டக்காரர்களுக்குத் தந்த எண்ணுக்கு மேலே, ஷானெல்லின் படம் குத்தியிருந்தது.

"அந்தப் படத்தைக் கழட்டிடு."

"என்னது?"

"இன்னிக்கு மட்டும். அவன் கோவிச்சுக்கிட்டு கேட்டைச் சாத்திட்டான்னா எல்லாம் வீணாப் போயிடும்."

"உன் ஓட்டம் வீணாப் போகக் கூடாது. என் பொண்ணு போனா பரவாயில்லை?"

அவனே ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் படத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் நகர்ந்தான்.

வீட்டுக்குத் திரும்பிவிடலாமா என்றிருந்தது வெர்னாவுக்கு. ஆனால் அந்த வேலிக்கு உள்ளே அவள் ஒருநாளும் போனதில்லை. படத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு கூட்டத்தோடு நின்றாள்.

சூரியன் பாறைக்கு மேலே தலைகாட்டியதும் ஓட்டம் தொடங்கியது.

செம்மணல் காலை உள்ளே இழுத்தது. கிளைடின் கேட்டைத் தாண்டியதும் பக்கத்தில் ஓடிய ஆர்லீன் புலம்ப ஆரம்பித்தாள். ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவள்; வாய் மூடாது.

"பாதை போட்டவன் கையை உடைக்கணும்! நேரா வண்டித்தடம் இருக்கு. அதுல விடாம, ஓடை ஓடையா இறக்கி ஏத்தறானே?"

செடிக்குச் செடி ரிப்பன் கட்டியிருந்தது. ரிப்பன் போன வழி பட்டிக்குப் பின்னால் போய், வறண்ட ஓடைக்குள் இறங்கி, உடைந்து கிடந்த டிரெய்லர் வீட்டைச் சுற்றிக்கொண்டு மறுபடி ஓடைக்கே வந்தது.

"போன வருஷமும் இதே கூத்து. மூடிப்போன சுரங்கத்தைச் சுத்திச் சுத்தி ஓட விட்டான். குடிச்சிட்டு ரிப்பன் கட்டுவானோ என்னவோ!"

வெர்னாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மூச்சுதான் வாங்கியது.

ஓடையின் அடுத்த திருப்பத்தில் ஓட்டக்காரர்கள் நின்றுவிட்டிருந்தார்கள். யாரும் கிட்டே போகவில்லை.

போன வார மழையில் கரை சரிந்திருந்தது. சரிந்த மண்ணிலிருந்து ஒரு பூட்ஸ் துருத்திக்கொண்டு நின்றது.

"போகாதே தாயி. கிட்டப் போகக் கூடாது" என்று யாரோ கையைப் பிடித்தார்கள்.

வெர்னா உதறிவிட்டுப் போனாள்.

பூட்ஸின் பக்கவாட்டில் கிழிசல். நீல நூலில் கோணல்மாணலாகத் தைத்த தையல். அவள் தைத்தது. 'இதைப் போட்டுக்கிட்டு நான் வெளியில போகணுமாம்மா?' என்று மகள் கேலி செய்த தையல்.

பூட்ஸோடு முடியவில்லை. மண்ணுக்குள் இன்னும் இருந்தது.

"வெர்னா..." ஆர்லீன் பின்னால் வந்து நின்றாள். "ஷானெல்லா?"

"பேரைச் சொல்லாதே."

செத்தவர் பெயரை அவர்கள் வாயால் சொல்வதில்லை. மூன்று வருஷமாகக் கடையிலும் சந்தையிலும் பெட்ரோல் பங்க்கிலும் அந்தப் பேரையே சொல்லிச் சொல்லித் தேடியவள், மண்ணில் முழங்கால் போட்டு உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை.

தூசியைக் கிளப்பிக்கொண்டு லேலண்டின் வண்டி வந்தது. பின்னாலேயே, கேட்டில் வண்டிகளை ஒழுங்குபடுத்த வந்திருந்த போலீஸ். கிளைடைக் கம்பளியோடேயே பிடித்துவிட்டார்கள் என்று யாரோ சொன்னார்கள்.

வெர்னா எழுந்து போய் லேலண்டின் சட்டையைப் பிடித்தாள்.

"அவனுக்கா போர்த்தினே? என் பொண்ணை இங்கே போட்டுட்டு இருந்தவனுக்கா?"

அவன் கையைத் தட்டிவிடவில்லை.

"போலீஸுக்கே திறக்காத கேட்டு அது, அக்கா. புகழ்ந்தா மட்டும்தான் திறப்பான்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேடா!"

"சொல்லியிருந்தா உன் மூஞ்சியே காட்டிக் கொடுத்திருக்கும்."

அவள் பிடி தளர்ந்தது. ஓடையைப் பார்த்தாள். வளைந்து வளைந்து போன ரிப்பன்களைப் பார்த்தாள்.

"அப்போ... போன வருஷம் அந்தச் சுரங்கம்?"

"ஆமா. அதுக்கு முந்தின வருஷம் பள்ளத்தாக்கு." லேலண்ட், சுற்றி நின்ற கூட்டத்துக்குக் கேட்காமல் சொன்னான்:

"அவ காணாமப் போனப்போ, தேடலாம் வாங்கன்னு ஊரையே கூப்பிட்டேன்க்கா, நாலு பேர் வந்தாங்க. ஓடலாம் வாங்க, மெடல் தர்றேன்னு சொன்னேன், ஐந்நூறு பேர் வந்தாங்க."