மணி அடிக்காத நிமிடம்

டிங்! மேசைமணி ஒலித்ததும் முந்தைய பேச்சாளர் இறங்க, பேராசிரியர் சாதிர் மேடை ஏறுகிறார். பிஷ்கேக் மருத்துவ ஆய்வு நாளில் நேரம் பார்த்து மணி அடிப்பது பயிற்சி மருத்துவர் பேகிமாயின் வேலை. திரையில் ஒளிர்வதும் அவளுடைய உழைப்புதான். மேய்ச்சல் மலையில் மூன்று மாதம் கூடாரம் கூடாரமாக ஏறி, இடையர்களிடம் அவள் எடுத்த ரத்த மாதிரிகளின் முடிவுகள். கீழே சாதிரின் பெயர் மட்டும் இருக்கிறது. "ஒவ்வொரு சொட்டும் நானே மலையேறி எடுத்தது," என்கிறார். ஜன்னல் வெயில் அவருடைய வெள்ளை முடியில் மினுங்குகிறது. முன்வரிசையில் நடுவர் கலிபா அம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுகிறார். "அங்க கரண்டே கிடையாதே சாதிர், ரத்தத்தைக் கெடாம எப்படிக் கீழ கொண்டுவந்தீங்க?" பால் கேனில் பனியை அடைத்து, கம்பளி சுற்றி, குதிரைமேல் அணைத்தபடி இறங்கிய பேகிமாய்க்கு இப்போதும் விரல்கள் விறைக்கின்றன. சாதிர் தண்ணீர் குடிக்கிறார். மறுபடியும் குடிக்கிறார். பிறகு அவள் பக்கம் குனிந்து, "மணியை அடிச்சுத் தொலையேம்மா," என்று பல்லைக் கடிக்கிறார். அவருடைய நேரம் முடிந்து ஒரு நிமிடம் ஆகிவிட்டது. பேகிமாய் உள்ளங்கையால் மணியை மூடிக்கொண்டு, அரங்கம் முழுக்கக் கேட்கும்படி சொல்கிறாள்: "அவசரமே இல்ல சார், நேரம் நிறைய இருக்கு. மூணு மாசம் மலையில கிடந்தது நீங்கதானே, நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க!"