மூன்றரை மணிக்கு மூடும் தெரு

"வழி கேக்கணும்னா மனுஷன்கிட்ட கேளு, காகிதத்துக்கு என்னடா தெரியும்..." என்று ஆரம்பித்துப் பெரிய மாமா இன்னும் ஏதோ சொல்வார். லாரி ஓட்டியவர். மீதி அவருடைய தங்கை மகனுக்கு நினைவில் இல்லை.

அந்த மருமகனுக்கு வாய்த்ததோ வரைபட நிறுவனத்தில் வேலை. கைபேசியில் 'இடப்பக்கம் திரும்புங்கள்' என்று சொல்லுமே, அது. அதில் வரும் பொய்த் தகவல்களைப் பிடிக்கிற ஆய்வாளர் அவர்.

"இந்த ஆளைப் பாருங்க சார்" என்று மேலாளர் அம்மா திரையைத் திருப்பினார். "தினமும் மூணரைக்கு 'தெரு மூடல்'னு ஒன்பது போன்லேர்ந்து தகவல் வருது. நாலேகாலுக்கு ஒன்பதும் சேர்ந்து 'திறந்தாச்சு'ங்குது. எல்லாம் ஒரே விலாசம்!"

"வேலை வெட்டி இல்லாதவனா இருப்பான்."

"நேர்ல போய்ப் பார்த்து ஒரு வரி எழுதுங்க. ஒன்பதையும் ஒரேயடியா முடக்கிடலாம். அப்புறம் அங்கேருந்து எது வந்தாலும் செல்லாது."

நிறுவனத்தின் காரில் போனார். குறுகலான தெரு. எதிரெதிரே இரண்டு கார் வந்தால் ஒன்று மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆனால் பள்ளமும் இல்லை, கயிறும் இல்லை. தெரு 'வா வா' என்று திறந்து கிடந்தது.

விலாசம் ஒரு கைபேசி பழுதுபார்க்கும் கடை. கடைக்காரர் ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஏதோ ஒரு போனின் வயிற்றைத் திறந்து வைத்திருந்தார். பின்னால் அலமாரியில் ஒன்பது பழைய போன்கள் வரிசையாகச் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தன.

ஆய்வாளர் அடையாள அட்டையை நீட்டினார். பயப்படுவான் என்று பார்த்தால், ஆள் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க சார். ஒரு வருஷமா கூப்பிடறேன், இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

"எப்ப கூப்பிட்டீங்க?"

"பதினோரு கடிதம் போட்டேன். 'உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம்'னு பதினோரு பதில் வந்துச்சு. ஒரு எழுத்து மாறல!"

ஆய்வாளருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். "அதுக்காகப் பொய்த் தகவல் கொடுக்கலாமா? எத்தனை பேர் சுத்திக்கிட்டுப் போறாங்க தெரியுமா?"

"தெரியும் சார். அதுக்குத்தானே கொடுக்கறேன்."

கடைக்காரர் எதிரே கையைக் காட்டினார். நீளமான மதில், பச்சைக் கதவு, மேலே ஒரு விளக்கு.

"காது கேக்காத பிள்ளைங்க பள்ளிக்கூடம். இந்தப் பக்கம், என் கடைக்கு அடுத்தது, அதுங்க விடுதி. நூத்திப் பத்து பிள்ளைங்க சாயங்காலம் இந்தத் தெருவைத் தாண்டணும். முன்னெல்லாம் இங்க வண்டியே வராது. போன வருஷம் உங்க ஆளுங்கதான் இதைக் குறுக்குவழின்னு கண்டுபிடிச்சாங்க. நாலு நிமிஷம் மிச்சமாம்!"

"பெரியவங்க கூட வந்து தாண்டிவிடலாமே?"

"ரெண்டு டீச்சர் நிக்கறாங்க. நூத்திப் பத்துக்கு நாலு கை. அதுங்க பேசணும்னா ஒருத்தர் கையை ஒருத்தர் பார்க்கணும் சார். அப்ப ரோட்டை யார் பார்ப்பா?"

"எச்சரிக்கைப் பலகை?"

"அதோ இருக்கே. எவன் பார்க்கறான்? எல்லாரும் உங்களைத்தானே பார்த்து ஓட்டறான்!"

ஆய்வாளர் அந்தப் பலகையை எட்டிப் பார்த்தார்.

"ஒரு பொண்ணு அடிபட்டுச்சு. 'ஹாரன் அடிச்சேனே, அடிச்சேனே'ன்னு அந்த டிரைவர் இங்கதான் உக்காந்து அழுதான். உசிருக்கு ஒண்ணும் இல்ல. ஒரு கால் போச்சு. அன்னிக்குத்தான் இந்த உடைஞ்ச போனையெல்லாம் தூசி தட்டினேன்."

"உங்க பிள்ளை யாராவது படிக்குதா அங்க?"

"எனக்குப் பிள்ளையே இல்ல சார்."

"தெரு மூடியிருக்குன்னு காட்டினா உங்க கடைக்கு எவன் வருவான்?"

"சாயங்கால வியாபாரம் படுத்துடுச்சுதான். வீட்டுக்காரிகூடத் திட்டினா. இப்ப மூணரை ஆச்சுன்னா அவளே நாலு போனை எடுத்துக்கறா."

ஆய்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று இருபது.

"நீங்க சொல்றதெல்லாம் நியாயம்தாங்க. ஆனா தெரு திறந்திருக்கு. மூடியிருக்குன்னு என்னால எழுத முடியாது. கண்ணால பார்க்காத ஒண்ணை நான் இதுவரைக்கும் எழுதினதில்லை."

கடைக்காரர் கெஞ்சவில்லை. பூதக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"எழுத வேணாம் சார். முடக்கறதுன்னா நாளைக்கு முடக்குங்க. இன்னிக்கு மட்டும் அமுக்கிடறேன். பிள்ளைங்க வர்ற நேரமாச்சு."

அலமாரியின் பக்கம் திரும்பி, முதல் போனைக் கையில் எடுத்தார்.

ஆய்வாளரின் போன் அடித்தது. மேலாளர் அம்மா.

"பார்த்துட்டீங்களா சார்? தெரு மூடியிருக்கா, திறந்திருக்கா?"

"ரெண்டு நிமிஷம் கொடுங்க மேடம்."

வெளியே போய்க் காரைக் கிளப்பினார். முன்னே விட்டார், பின்னே எடுத்தார், மறுபடி முன்னே விட்டார். பச்சைக் கதவுக்குச் சற்றுத் தள்ளி, தெருவின் குறுக்கே கார் நின்றது. ஒரு சைக்கிள் நுழையத்தான் இடம் இருந்தது. பின்னால் வந்த வேன்காரர் ஹாரனை அழுத்தினார். "என்னய்யா, தெருவை விலைக்கு வாங்கிட்டியா?"

கதவின் மேல் விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. அந்தப் பள்ளியில் மணி இல்லை. பிள்ளைகள் வெளியே வந்தார்கள், விரல்களால் சளசளவென்று பேசிக்கொண்டு, ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டு.

ஆய்வாளர் காரைப் படம் எடுத்தார். படிவத்தைத் திறந்து, 'தெரு மூடியிருக்கிறது. நேரில் பார்த்தேன்' என்று எழுதினார்.

கீழே இன்னொரு கட்டம் இருந்தது: 'மறு ஆய்வு எப்போது?'

'தினமும் மூன்றரை மணிக்கு. நானே வருகிறேன்' என்று எழுதி அனுப்பினார்.