பூவாளியின் உபசாரம்

புதிதாக நட்ட எலுமிச்சங்கன்றின் மேல் பூவாளிக்குக் கொள்ளைப் பிரியம். காலை, மதியம், சாயங்காலம் என்று மூன்று வேளையும் தண்ணீர் ஊற்றியது.

“போதும் அக்கா, வேரெல்லாம் ஈரமாவே இருக்கு,” என்றது கன்று.

“வந்த இடத்துல கூச்சப்படக் கூடாது,” என்று பூவாளி இன்னும் கொஞ்சம் சாய்ந்தது.

பத்து நாளில் இலைகள் மஞ்சளாயின.

“மூச்சு முட்டுது அக்கா. ரெண்டு நாளைக்குச் சும்மா விட்டுடுங்க.”

பூவாளிக்கு மனசு கேட்கவில்லை. பிள்ளை முகம் வெளுத்து நிற்கும்போது எப்படிச் சும்மா இருப்பது? அன்று இரண்டு நடை கூடுதலாக ஊற்றியது.

அடுத்த வாரம், அழுகிய கன்றைப் பிடுங்கிவிட்டு அதே குழியில் ஒரு மாதுளங்கன்றை நட்டார்கள். பூவாளி கண்கலங்கியபடி அதனிடம் போனது.

“முன்னாடி இருந்த பிள்ளை சரியாவே குடிக்காதும்மா. நீயாவது வயிறாரக் குடி.”