இரண்டு டிஸ்க்கும்

பீன்யா தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் அச்சுகள் செய்யும் சிறு தொழிற்சாலை. அதன் கம்ப்யூட்டர் அறையில் பிரிசில்லா மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நீலத் திரையில் வெள்ளைக் கோடு ஒன்று மெல்ல நீண்டுகொண்டே போகிறது. இலவச லினக்ஸ், ஒரு சிடி போதும், பத்து கம்ப்யூட்டருக்கும் மெயிலும் இன்டர்நெட்டும் இந்த ஒரே பெட்டியிலிருந்து போகும் என்று முதலாளி மஞ்சுநாத்திடம் ஒரு மாதமாகச் சொல்லிச் சம்மதம் வாங்கியவள் அவள்தான். எல்லா டிஸ்க்கும் அழிக்கப்படும், சம்மதமா என்று திரை கேட்டபோது யோசிக்காமல் தட்டியதும் அவள்தான். இப்போது திரையின் அடியில் இரண்டு டிஸ்க் என்று காட்டுகிறது. புதியது ஒன்றுதான். முதலில் கழற்றி மேசையில் வைத்திருக்க வேண்டிய பழைய டிஸ்க் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. எட்டு வருட அச்சு வரைபடங்கள் அதில்தான் இருந்தன. வேறெங்கும் நகல் இல்லை. பவர் சுவிட்ச் வரை போன விரல் அங்கேயே நிற்கிறது. இனி நிறுத்தியும் பயனில்லை என்று அவளுக்குத் தெரியும். பக்கத்துக் கூடத்தில் லேத் கிரீச்சிடுகிறது. ஜன்னல் வெயிலில் இரும்புத் தூசி மினுங்குகிறது. அவள் கழுத்தெல்லாம் வியர்வை. கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு மஞ்சுநாத் இரண்டு டீ கிளாஸோடு வருகிறார்.

“ஆயிதா, முடிஞ்சுதா பிரிசில்லா? நம்ம சர்வர் ரெடியா?”

அவள் எழுந்து நிற்கிறாள்.

“சார், பழைய டிஸ்க்க நான் கழட்டல சார். அதுவும் அழிஞ்சிடுச்சு.”

சிரிப்பு மாறாமலே அவர் டீயை நீட்டுகிறார்.

“எந்த டிஸ்க்கம்மா?”