இடது கைக்கு ஒரு நாற்பத்தைந்து

உள்ளூரில் வாங்கினால் ஊரே பேசும் என்று, அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்து டேரில் பக்கத்து ஊர்த் துப்பாக்கிக் கடைக்கு வந்திருந்தான். இடது கையால் ஒரு துப்பாக்கியை எடுத்துப் பார்த்தான்.

"இடது கைக்காரனா? அப்போ அதை வச்சிடு தம்பி," என்றார் கடைக்காரர். "அதுல சேஃப்டி லாக் வலது கட்டைவிரலுக்குத்தான் எட்டும். ரெண்டு பக்கமும் லாக் இருக்கறது தர்றேன். எப்பவாவது சுடறவனுக்கு ஒன்பது எம்.எம். போதுமே?"

"போதாதுங்க. அதைவிடப் பெரிய குண்டு போடற நாப்பத்தஞ்சுதான் வேணும். சனிக்கிழமை நாலு பேர் வர்றாங்க. அப்பனும் மூணு மகனும். எல்லார் இடுப்புலயும் நாப்பத்தஞ்சாம்."

"அடப்பாவி! ஷெரீஃப்கிட்ட சொல்லிட்டியா?"

"அந்த அப்பனே ஷெரீஃப்தாங்க."

கடைக்காரர் துடைத்துக்கொண்டிருந்த துப்பாக்கியைக் கீழே வைத்தார்.

"அப்படி என்னதான் பண்ணித் தொலைச்சே?"

"அவர் பொண்ணைக் கட்டிக்கிறேன்னு சொன்னேன். அவங்க கண்ணு முன்னாடி பீர் டின்னைச் சுட்டுத் தள்ளினாத்தான் சம்மதமாம். சின்னத் துப்பாக்கியோட போய் நின்னா, சுடறதுக்கு முன்னாடியே சிரிச்சிடுவாங்க."

கடைக்காரர் அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டார்.

"இடது கைன்னு எங்க தங்கச்சி ஒரு வார்த்தை சொல்லலியே, மாப்ளே!"