யார் வந்தாலும்

அண்ணன் அந்த ஆளைப் பேசவே விடவில்லை.

வெறும் வாயுதான், காலையில் சாப்பிட்ட பரோட்டா சேரவில்லை என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் கட்டிலில் படுக்கவைத்துவிட்டார்.

அவள் கதவோரம் நின்றிருந்தாள். பிரஷர் பார்த்துக்கொண்டு போக வந்தவள். டாக்டரின் தங்கை என்பதால் வெளியே இருக்கும்படி யாரும் சொல்லவில்லை.

படுத்திருந்தவர் செங்கல் லாரி ஓட்டுகிறவர். வேட்டியெல்லாம் செம்மண். இந்த க்ளினிக்குக்கு இன்றுதான் முதல் தடவை. அவர் மனைவி செருப்பைக் கையில் பிடித்தபடி சுவரோடு ஒட்டி நின்றாள்.

நர்ஸ் கஸ்தூரி அவர் மார்பைத் துடைத்து வயர்களை ஒட்டினாள். ஈசிஜி மெஷின் காகிதத்தைத் தள்ளத் தொடங்கியது.

அண்ணன் அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். மாத்திரையைக் கொடுத்து மென்று விழுங்கச் சொன்னார். ஆம்புலன்ஸுக்கு ஆள் அனுப்பினார். பெரிய ஆஸ்பத்திரிக்குத் தானே போன் செய்து, மாரடைப்பு ஒன்று வருகிறது, தயாராக இருங்கள் என்றார்.

பதற்றமே இல்லை. பழகிய கை.

அவளுக்குக் கண் நிறைந்தது.

தன் கணவர் மாரடைப்பில் போன பிறகு அண்ணன் மாறிவிட்டார் என்று நினைத்தாள். அந்தச் சாவு இப்போது ஒரு லாரிக்காரரைக் காப்பாற்றுகிறது. அதில் ஓர் ஆறுதல் இருந்தது.

இப்போதெல்லாம் அண்ணன் ரொம்பக் கவனமாகிவிட்டாரோ என்று கஸ்தூரியிடம் மெல்லக் கேட்டாள்.

கஸ்தூரி வயர்களைச் சுருட்டியபடியே சிரித்தாள்.

"இப்பன்னு இல்லம்மா, உங்க வீட்டுக்காரர் இருந்த காலத்துல நான் வேலைக்குச் சேந்தேனே, அப்பலேருந்தே இப்படித்தான். நெஞ்சு எரியுதுன்னு யார் வந்தாலும் முதல்ல ஈசிஜி. வாயுன்னு அவங்களே சத்தியம் பண்ணாலும் விடமாட்டாரு. நெறிமுறையை மீறக் கூடாதுன்னு சின்ன டாக்டருங்களுக்கு வகுப்பே எடுக்கறாரே, தெரியாதா?"

தெரியாது.

அவளுக்குத் தெரிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை.

இதே கட்டடத்தின் மாடி. அண்ணன் வீட்டில் கறி விருந்து. இலையிலிருந்து எழுந்த அவள் கணவர் மாணிக்கவாசகம் நெஞ்சைத் தடவிக்கொண்டு, எரிகிறது என்றார். நெற்றி வேர்த்திருந்தது.

கீழே போய் ஈசிஜி எடுத்துவிடலாமா என்று அவள்தான் கேட்டாள்.

அண்ணன் வெற்றிலையை மடித்தபடி சிரித்தார். "நீ வேற. மாப்பிள்ளைய எனக்குத் தெரியாதா? கறியப் பாத்தா கை நிக்காது."

எல்லோரும் சிரித்தார்கள். மாணிக்கவாசகமும் சிரித்தார். சோடா குடித்தார். வீட்டுக்கு வந்தார்.

மறுநாள் காலை சவரம் செய்துகொண்டிருக்கும்போதே சரிந்தார்.

இழவு வீட்டில் அண்ணன் அவள் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதார். சொல்லாமல் கொள்ளாமல் வருவதம்மா இது, எந்த டாக்டராலும் கண்டுபிடித்திருக்க முடியாது என்றார்.

அவள்தான் அவர் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

கொழுந்தன் செழியன் மட்டும் கேட்டான். அன்றைக்கு ஏன் ஈசிஜி எடுக்கவில்லை, அதை மட்டும் உங்கள் அண்ணனிடம் கேளுங்கள் அண்ணி என்றான். டாக்டருக்குத் தெரியாததா உனக்குத் தெரிந்துவிட்டது என்று சீறினாள். இனி இந்த வாசல் மிதிக்காதே என்றாள். அவன் மிதிக்கவில்லை. அவள் மகளின் கல்யாணத்துக்குக்கூட வரவில்லை.

தாலி கட்டும்போது சித்தப்பா எங்கே என்று அந்தப் பெண் கூட்டத்தில் தேடியதை அவள் பார்த்தாள். பார்க்காததுபோல் இருந்துகொண்டாள்.

ஆம்புலன்ஸ் வந்தது. லாரிக்காரரை ஏற்றினார்கள். அவர் மனைவி ஓடிவந்து அண்ணன் காலைத் தொடக் குனிந்தாள்.

அண்ணன் பின்வாங்கி, அவள் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"நான் பெருசா ஒண்ணும் செய்யலம்மா. யார் வந்தாலும் இதைத்தான் செய்வேன்."

உண்மையாகத்தான் சொன்னார். குரலில் பொய்யே இல்லை.

அதுதான் தங்கையைக் கொன்றது.

வண்டி தெருமுனை திரும்பும்வரை அண்ணன் வாசலில் நின்றார். உள்ளே வந்தபோது முகம் தெளிந்திருந்தது. அப்போதுதான் தங்கை நிற்பது கண்ணில் பட்டது.

"வா, வா. உன்னோட பிரஷரையும் பாத்துடுவோம்."

நாற்காலியை அவளுக்காக இழுத்துப் போட்டார்.

அவள் அவரையே பார்த்தாள். கேட்க வேண்டிய கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. கேட்டால் அண்ணன் அழுவார். அழுதால் மறுபடியும் அவள்தான் துடைத்துவிட வேண்டும்.

திரும்பி வெளியே நடந்தாள். காத்திருந்தவர்களைத் தாண்டி, டோக்கன் கொடுக்கும் மேசைக்குப் போனாள். வேலைக்குப் புதிதாக வந்த பெண் உட்கார்ந்திருந்தாள்.

அண்ணன் பின்னாலேயே வந்து கதவருகில் நின்றுவிட்டார். என்னம்மா இது என்றார்.

டோக்கன் கேட்டு, தன் பெயரைச் சொன்னாள். வயதைச் சொன்னாள். வீட்டுக்காரர் பெயர் என்ன என்றதற்கு அதையும் சொன்னாள்.

அந்தப் பெண் நிமிர்ந்து, கதவருகில் நின்ற டாக்டரைப் பார்த்தாள். பிறகு அவளைப் பார்த்தாள்.

"டாக்டருக்குத் தெரிஞ்சவங்களாம்மா?"

"இல்ல" என்றாள்.